கன்சல்டிங் வேலைக்கு மாணவராக இருக்கும்போதே தயாராவது எப்படி

பிற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வதே கன்சல்டிங். மெக்கின்சி, பிசிஜி, பெயின் போன்ற கன்சல்டிங் நிறுவனங்களைக் குறிவைப்பவர்கள் பெரும்பாலும் ஃப்ரேம்வொர்க்குகளை (பிரச்சினையைப் பிரித்துப் பார்க்க உதவும் ஆயத்தச் சட்டகங்களை) மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். ஆனால் பலர் சறுக்குவது வேறு இடத்தில்: எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க, வாய்விட்டு யோசித்துக்கொண்டே கணக்குப் போடும்போது. தயாரிப்பில் பாதி நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். இன்டர்வியூவுக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே தொடங்கினால் போதும்.

முதலில் ரெஸ்யூமே. ஒரே பக்கம். ஒவ்வொரு வரியிலும் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது, எவ்வளவு என்பது தெரிய வேண்டும். 'கல்லூரி விழாவை ஒருங்கிணைத்தேன்' என்பது வெறும் பொறுப்பு. எத்தனை பேர் கொண்ட குழு, எவ்வளவு நிதி திரட்டினீர்கள், முந்தைய ஆண்டைவிட எவ்வளவு கூடுதல் என்பதைச் சேர்த்தால்தான் அது சாதனை.

அடுத்தது மனக்கணக்கு. கேஸ் இன்டர்வியூவில், அதாவது ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே தீர்க்கச் சொல்லும் இன்டர்வியூவில், கால்குலேட்டர் கிடையாது, பேனாவும் தாளும்தான். தினமும் 15 நிமிடம் சதவீதம், பின்னம், பெரிய எண்களின் பெருக்கல் பழகுங்கள். 1/6 என்றால் 16.7%, 1/7 என்றால் 14.3% என்று சட்டென வர வேண்டும். லட்சம், கோடியில் பழகியவர்கள் பூஜ்ஜியத்தைத் தவறவிடுவது சகஜம்: 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். தாளில் அலகை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

இனி கேஸ். 'லாபம் குறைந்துவிட்டது, ஏன்?' என்பது அடிக்கடி வரும் வகை. லாபத்தை வருவாய், செலவு என்று பிரியுங்கள். வருவாயை விலை, விற்பனை அளவு என்றும், செலவை நிலையான செலவு (எவ்வளவு விற்றாலும் மாறாதது), மாறும் செலவு (விற்பனையோடு ஏறி இறங்குவது) என்றும் பிரியுங்கள். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. எதுவும் விடுபடவும் கூடாது. ஒரு பொருளின் விலை 50 ரூபாய், அதற்கான மாறும் செலவு 30 ரூபாய், விற்பனை 2 லட்சம் பொருள்கள், மொத்த நிலையான செலவு 30 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 10 லட்சம் ரூபாய். மாறும் செலவு 34 ரூபாய் ஆனால் லாபம் 2 லட்சம் ரூபாய்தான். இதைச் சொல்லிவிட்டு நிறுத்துபவர் கணக்கு தெரிந்தவர், அவ்வளவே. 'ஒரு பொருளுக்கான மாறும் செலவு 13% ஏறியதில் லாபத்தில் 80% போய்விட்டது. ஆகவே மூலப்பொருளா, கூலியா, வீணாவதா என்று அடுத்து பார்க்க வேண்டும்' என்பவரைத்தான் தேடுகிறார்கள்.

மெக்கின்சியில் பொதுவாக இன்டர்வியூ எடுப்பவரே கேள்வி கேள்வியாக நடத்திச் செல்வார். பிசிஜி, பெயினில் பெரும்பாலும் நீங்கள்தான் அடுத்த அடியைத் தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் பழகுங்கள். கேஸைத் தனியாகப் படிப்பதால் பலன் குறைவு. ஜோடி பிடித்து ஒருவர் கேட்க, ஒருவர் தீர்க்க, பிறகு இடம் மாறுங்கள். கேட்கும் இடத்தில் உட்கார்ந்தால்தான் குழப்பமான விடை காதில் எப்படி விழுகிறது என்று புரியும். ஒவ்வொரு கேஸுக்குப் பிறகும் பிழையைக் குறித்து வையுங்கள்: அமைப்பா, கணக்கா, முடிவா? இந்தக் குறிப்பு இல்லாமல் ஐம்பது கேஸ் செய்வதைவிட, குறிப்போடு இருபத்தைந்து செய்வது மேல்.

கணக்கு நடுவில் பிசகினால் மறைக்க வேண்டாம். 'இந்த எண் பெரிதாகத் தெரிகிறது, ஒருமுறை சரிபார்க்கிறேன்' என்று சொல்லித் திருத்தலாம். முடிவைச் சொல்லும்போது பரிந்துரை முதலில், காரணங்கள் பிறகு, அபாயமும் அடுத்த வேலையும் கடைசியில். ஒரு நிமிடம் தாண்டாமல்.

சொந்த அனுபவக் கேள்விகளைப் பலர் கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். தலைமை ஏற்றது, மறுத்தவரைச் சம்மதிக்க வைத்தது, கடினமான இலக்கை எட்டியது என மூன்று நான்கு சம்பவங்களையாவது முன்கூட்டியே தயாராக வையுங்கள். 'நாங்கள் செய்தோம்' என்று சொன்னால், 'அதில் நீங்கள் என்ன செய்தீர்கள், அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்' என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். ஜோடித்த சம்பவம் மூன்றாவது கேள்வியைத் தாங்காது.