நிரந்தர ஐலைனர்: படுக்கையில் சாய்வதற்கு முன்

பெயர்தான் ஐலைனர். நடப்பது பச்சை குத்தும் வேலை. ஊசி, இமைத் தோலின் மேலடுக்கைத் தாண்டி நிறமியை உள்ளே இறக்குகிறது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அங்கேதான், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ‘நிரந்தரம்’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். சில ஆண்டுகளில் கோடு மங்கும், ஆனால் சுவடே இல்லாமல் போய்விடாது. மிஞ்சிய கறுப்பு சிலருக்கு நீலம் பாரிக்கும்.

1. ஒரு வாரம் பென்சிலால் வரையுங்கள்

ஆசைப்படும் அதே கோட்டைத் தினமும் வரைந்து, ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள், புருவத்தைத் தூக்காமல். கண்ணை மூடி வெளிமூலைக்கு அப்பால் இழுத்த அழகான வால், திறந்ததும் பாதி மடிப்புக்குள் போய்விடும். தூங்கி எழுந்த முகத்தோடும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இனி தினமும் காலையில் அந்த முகத்தில்தான் கோடு இருக்கப்போகிறது.

முதல்முறை என்றால் இமைமுடிகளின் இடைவெளியை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். வால் வேண்டாம் என்பேன். கண்ணின் வெளிமூலையில் நிறம் கசிந்து, ஈரத்தாளில் பட்ட மை மாதிரி பரவ வாய்ப்பு அதிகம். வயதாகித் தோல் தளர்ந்தால் வாலும் கூடவே இறங்கும். கோட்டை எப்போது வேண்டுமானாலும் தடிமனாக்கலாம். மெலிதாக்குவதுதான் பாடு. லேசரில் எடுக்க, கருவிழிமேல் உலோகக் கவசம் வைத்தாக வேண்டும். இரும்பு ஆக்சைடு கலந்த சில நிறமிகள் லேசர் பட்டதும் இன்னும் கறுத்துப்போகும்.

2. கண் மருத்துவரைப் பாருங்கள்

கண் வறட்சி, அடிக்கடி கண்கட்டி, சமீபத்தில் லேசிக் (பார்வைக் குறைக்கான லேசர் சிகிச்சை), தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை: எது இருந்தாலும் முதலில் அவரிடம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ தள்ளிப்போடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

இமைமுடிக்குச் சற்று உள்ளே, கண்ணைத் தொடும் விளிம்பில், எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். ஆகவே “உள்பக்கமும் போட்டால் இன்னும் எடுப்பா இருக்கும்” என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

3. போடுபவரைச் சோதியுங்கள்

போட்ட அன்றே எடுத்த படங்களை ஓரமாக வையுங்கள். அன்று எல்லார் கோடும் அழகுதான். ஆறிய பிறகு, ஓராண்டு கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள். ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். மிஞ்சிய நிறமி குப்பைக்குப் போக வேண்டும். காதின் பின்புறம் சிறு புள்ளி குத்தி ஒவ்வாமை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது முழு உத்தரவாதம் அல்ல, ஒவ்வாமை தாமதமாகவும் வரும்.

4. அன்றைக்கு

லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு போங்கள். இமைமுடி வளர்க்கும் சீரம் பூசுபவர்கள் சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். மரத்துப்போக வைக்கும் களிம்பு கண்ணுக்குள் இறங்கினால் கருவிழியைப் புண்ணாக்கும். சுரீரென்றால் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் உடனே சொல்லிக் கழுவச் சொல்லுங்கள். வீட்டுக்கு வண்டி ஓட்ட ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

5. அதன் பிறகு

மறுநாள் காலை கண்ணாடியில் வீங்கிய இமை, மார்க்கரால் இழுத்த மாதிரி கோடு. பயம் வரும். பல்லைக் கடிக்க வேண்டிய இடம் இதுதான். சில நாளில் பொருக்கு உதிரும், நிறமே போய்விட்டது போலிருக்கும், பிறகு மெல்லத் திரும்பும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், பிய்த்த இடத்தில் கோடு அறுந்துவிடும். ஆறும்வரை மஸ்காரா வேண்டாம். பிறகும் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். விட்டுப்போன இடங்களை ஆறு வாரம் போல் கழித்து நிரப்பிக்கொள்ளலாம்.

வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ, பார்வை மங்கினாலோ அழகு நிலையத்துக்குப் போன் போட்டுக் கொண்டிருக்காதீர்கள், நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், இமையில் நிறமி இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அரிதாக, அந்த இடம் சூடாகி வீங்குவதுண்டு.