காணிப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பு

அமெரிக்காவின் மொன்ற்கொமரியில் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 தொடக்கம் 381 நாள், இனப் பிரிப்பை எதிர்த்துப் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அந்த நடையைப் பலர் அறிவார்கள். ஆனால் நடை தொடங்கி இரண்டு மாதத்துக்குள், 1956 பெப்ரவரி 1இல், பெண்களை வழக்காளிகளாக வைத்து வழக்கும் போட்டார்கள். பஸ்ஸில் இனப் பிரிப்பைச் சட்டப்படி முடித்தது அந்த வழக்கு. அதுவரை ஊரைத் தளரவிடாமல் வைத்திருந்தது நடை.

இலங்கையின் வன்னியில் படையினர் வசமுள்ள காணியைத் திருப்பிக் கேட்டுப் போராட்டப் பந்தல் போடுகிறவர்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்துப் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 தொடக்கம் இரவு பகலாக விமானப்படை முகாம் வாசலில் இருந்து, மார்ச் 1இல் காணிக்குள் போனார்கள். கேட் திறக்கிற நாளில் யாருடைய எல்லை எது என்று காட்டக் கடதாசி கையில் இருக்க வேண்டும்.

குடும்பத்துக்கு ஒரு கோப்பு போடுங்கள். அரச காணிக்குத் தந்த பெர்மிட் அல்லது அளிப்புப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். அதைக் காட்டிப் பிரதேச செயலகக் காணிப் பதிவேட்டிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். அதிகம் சிக்குவது இங்கேதான்: பெர்மிட் இறந்துபோன அப்புவின் பெயரிலேயே இருக்கும், அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பின்னுரித்து பதியப்பட்டிருக்காது. சகோதரங்களுக்குள் பேசி முடித்து, அதை இப்போதே தொடங்குங்கள். குடியிருந்ததற்குச் சான்றாகப் போர்க்காலக் கறண்ட் பில் தேடிப் பயனில்லை. பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, பழைய குடும்ப அட்டை எடுங்கள். கிணறு, பனை, வீட்டு அத்திவாரம் குறித்த கைவரைபடத்தில் பக்கத்துக் காணிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். “ஏன் காணியை விடவில்லை?” என்று கேட்டால் விளக்கம்தான் கேட்கிறீர்கள், பதிவேடு அல்ல என்று தட்டிவிடுவார்கள். அரசு ஒரு காணியை எடுக்க முதலில் போடுவது 2ஆம் பிரிவு அறிவித்தல். அதனால் “இந்தக் காணிக்குக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் போடப்பட்டதா? திகதி என்ன? பிரதி தாருங்கள்” என்று கேளுங்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லிப் படையினர் மறுக்க இடமிருப்பதால் முதலில் பிரதேச செயலகத்துக்கே கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள். 14 வேலை நாளில் முடிவு வராவிட்டால், அடுத்த 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்குப் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழு.

பந்தலில் ஒரு கொப்பி வையுங்கள். வந்த அதிகாரியின் பதவி, நேரம், சொன்ன வாக்குறுதியைச் சொன்னபடியே எழுதுங்கள். அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடைக் காலத்தில் ஆள் குறையும். அதனால் யார் எந்த நாள் பந்தலில் இருப்பது என்ற முறைப்பட்டியலை விதைப்போடேயே எழுதிவிடுங்கள். மூலப்பத்திரங்கள் பந்தலுக்கு வரவே கூடாது, மழைக்கு ஒன்றும் மிஞ்சாது. போட்டோப்பிரதி போதும்.