அவசரத்தில் கற்ற யுபிஐ: பெற்றோருக்கு இப்போது செய்துதர வேண்டியவை

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கியபோது, அதுவரை பாஸ்புக்கோடு வங்கிக்கு நடந்துபோய்வந்த பெரியவர்கள் பலர், மளிகைக்கும் மருந்துக்கும் கைபேசியிலேயே பணம் செலுத்தப் பழகிக்கொண்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் சுமார் 100 கோடியாகச் சரிந்த யுபிஐ பரிவர்த்தனைகள் அக்டோபரில் 200 கோடியைக் கடந்தன. ஆனால் பிள்ளைகள் தொலைவிலிருந்து அன்று சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் பணம் அனுப்பும் வழியை மட்டுமே. அதைக் காத்துக்கொள்ளும் வழியைக் கற்றுத்தர அப்போது யாருக்கும் நேரமிருக்கவில்லை. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைச் செய்துவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பிரியுங்கள். ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் உள்ள கணக்கைச் செயலியிலிருந்து நீக்கிவிட்டு, வேறொரு வங்கியில் சிறு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு யுபிஐயுடன் இணையுங்கள். மற்ற எல்லா எச்சரிக்கைகளையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில், அவர்கள் ஏமாற்றப்பட்டாலும் இழப்பு ஓர் எல்லைக்குள் நின்றுவிடும்.

அடுத்து, ரகசிய எண். பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை என்பதை வாயால் சொன்னால் மனத்தில் நிற்காது. உங்கள் கைபேசியிலிருந்து அவர்களுக்கு 1 ரூபாய் அனுப்பி, அவர்கள் எந்தப் பொத்தானையும் தொடாமலேயே அது வந்து சேர்வதைக் காட்டுங்கள். பிறகு, கடையில் ஸ்கேன் செய்தவுடன் திரையில் தோன்றும் பெயரைப் படித்துப் பார்த்த பின்னரே ரகசிய எண்ணை இடும்படி பழக்குங்கள்.

ஏடிஎம் அட்டையில் இணையவழிப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, அட்டையைக் கருவியருகே காட்டித் தொடாமல் செலுத்துதல் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்திவைக்கும் வசதியை ரிசர்வ் வங்கி 2020 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியுள்ளது. தேவையற்றவற்றை அணைத்துவிடுங்கள். ரகசிய எண் இன்றியே 5,000 ரூபாய் வரை தொடாமல் செலுத்தலாம் என்பது 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பதால், அந்த வசதியை அணைக்க மறந்துவிடாதீர்கள்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும் 1930 என்ற இணையமோசடிப் புகார் எண்ணுக்கும் சொல்ல வேண்டும். வங்கியிலோ வாடிக்கையாளரிடமோ தவறில்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ரகசிய எண்ணைத் தாமே சொல்லியிருந்தாலும், புகார் தந்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. வங்கியின் புகார் எண்ணையும் 1930 என்ற எண்ணையும் தினசரி நாட்காட்டியின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.