ரீமக்ஸ் செய்தபின் தெரியும் சீப்புக் கோடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவிடி, டிஜிட்டல் டிவி பதிவு, பழைய கேம்கோடர் டேப் ஆகியவற்றிலிருந்து எடுத்த ஒரு வீடியோவை எம்கேவி-க்கோ எம்பி4-க்கோ ரீமக்ஸ் செய்து மாற்றுகிறீர்கள். மாற்றுவதற்கு முன் ஒழுங்காக ஓடிய படத்தில், மாற்றியபின் கை அசைந்தாலோ கேமரா திரும்பினாலோ விளிம்புகளெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரிந்து நிற்கின்றன. ரீமக்ஸ் படத்தைக் கெடுத்துவிட்டது என்றுதான் உடனே தோன்றும். ஆனால் அதற்கு அந்த வேலையே தெரியாது.

ரீமக்ஸ் என்பது, சுருக்கி வைத்திருக்கும் வீடியோவையும் ஆடியோவையும் அவிழ்க்காமல் ஒரு கன்டெய்னரிலிருந்து (எம்கேவி, எம்பி4 போன்ற கோப்பு வடிவம்) எடுத்து இன்னொன்றில் வைப்பது. படத்தில் ஒரு பிக்சல்கூட மாறாது. அதனால் அது கோடுகளை உண்டாக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. கோடுகள் முதலிலிருந்தே இருந்தன. பழைய கோப்பை ஓட்டும்போது பிளேயர் அவற்றைச் சத்தமில்லாமல் சரிசெய்து காட்டியது. புதிய கோப்பில் ஏதோ ஒரு காரணத்தால் அதைச் செய்யாமல் விட்டுவிட்டது. தேட வேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.

கோடுகள் எங்கிருந்து வந்தன? இன்டர்லேஸ் வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. ஒன்றில் (மேல் ஃபீல்டு) ஒற்றைப்படை வரிகள், மற்றதில் (கீழ் ஃபீல்டு) இரட்டைப்படை வரிகள். பால் (PAL, இந்தியா, ஐரோப்பா போன்ற இடங்களின் டிவி முறை) என்றால் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 50 ஃபீல்டு, என்டிஎஸ்சி-யில் (NTSC, அமெரிக்கா, ஜப்பான் போன்ற இடங்களின் முறை) 29.97 ஃபிரேம், 59.94 ஃபீல்டு. ஒரே ஃபிரேமுக்குள் இருக்கும் இரண்டு ஃபீல்டுகளும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டவை. பால் என்றால் இடைவெளி ஒரு நொடியில் 50-ல் ஒரு பங்கு. பழைய குழாய் டிவி ஃபீல்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்ததால் பிரச்சினை இல்லை. இன்றைய திரை எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. பிளேயர் டீஇன்டர்லேஸ் செய்யாவிட்டால் (ஃபீல்டுகளைப் பிரித்துச் சீப்பு தெரியாத முழு ஃபிரேம்களாக்காவிட்டால்) இரண்டு கணங்களும் ஒன்றாகத் தெரியும், அசையும் பொருள் சீப்பாகிவிடும்.

அவசரப்பட்டு மறுபடி என்கோடு செய்வது

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு இது, விலை அதிகமான தவறும் இதுதான். கோட்டைப் பார்த்ததும் கோப்பை ஏதாவது கன்வெர்ட்டரில் போட்டு, படத்தை அவிழ்த்து மறுபடி சுருக்கி (என்கோடு செய்து) எடுத்துவிடுகிறார்கள். கோடு போகிறதோ இல்லையோ, தரம் கொஞ்சம் போவது நிச்சயம். இன்டர்லேஸ் படம் என்று தெரியாமல் ப்ரோக்ரெசிவாக (ஃபீல்டுகள் இல்லாத முழு ஃபிரேம்களாக) என்கோடு செய்துவிட்டால் கோடுகள் படத்தின் அங்கமாகவே பதிந்துவிடும். இன்டர்லேஸ் என்று கோப்பில் எழுதியிருக்கும் குறிப்பும் (ஃபிளாக்) போய்விடும். அதன்பின் எந்த பிளேயரும் தானாக உதவிக்கு வராது.

சரி, முதலில் என்ன செய்யலாம்? பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒரே பிளேயரில், ஒரே அமைப்புகளோடு, ஒரே காட்சியில் நிறுத்திப் பாருங்கள். விஎல்சி, எம்பிவி ஆகிய பிளேயர்கள் இரண்டிலும் விசைப்பலகையின் ‘டி’ (D) எழுத்து டீஇன்டர்லேஸை இயக்கும், அணைக்கும். பழைய கோப்பில் அதை அணைத்ததும் அதே கோடுகள் தெரிந்தால் ரீமக்ஸ் மீது குற்றமில்லை. பழையதை டிவியிலும் புதியதை பிரவுசரிலும் ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல.

பார்க்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பிளேயர் ஜன்னலைச் சுருக்கியோ பெரிதாக்கியோ வைத்திருந்தால் கோடுகள் அலை அலையாகவும் பட்டை பட்டையாகவும் மாறித் தெரியும். அதை வேறு ஏதோ கோளாறு என்று நினைத்துக் குழம்புவோம். நூறு சதவீத அளவில், பக்கவாட்டு அசைவு உள்ள இடத்தில் பாருங்கள்.

இதற்கும் மேல் உறுதி வேண்டுமா? வீடியோவைக் கையாளும் கட்டளைவரிக் கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் ஃபிரேம்எம்டி5 என்று ஒரு வசதி உண்டு. டிகோடு செய்த (அவிழ்த்த) ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கையொப்பம் தரும். இரண்டு கோப்புகளுக்கும் எடுத்து ஒப்பிட்டால் படம் மாறியதா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஒப்பிட வேண்டியது டிகோடு செய்த ஃபிரேம்களை. சுருக்கப்பட்ட பாக்கெட்டுகளை அல்ல. எச்.264 என்ற முறையில் சுருக்கிய ஸ்ட்ரீம், டிஜிட்டல் டிவி பதிவுகளில் வரும் டிஎஸ் கோப்பில் ஒரு விதமாகவும் எம்பி4-ல் வேறு விதமாகவும் அடுக்கப்படும். படம் அப்படியே இருந்தாலும் பாக்கெட்டின் பைட்டுகள் மாறலாம்.

மீடியாஇன்ஃபோ சொல்வதை வேதவாக்காக எடுப்பது

கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ நல்ல கருவிதான். ஆனால் அது படிப்பது ஃபிளாக்கை, படத்தைப் பார்ப்பதில்லை. ‘இன்டர்லேஸ்’ என்று எழுதியிருக்கும் கோப்பில் உண்மையில் ப்ரோக்ரெசிவ் படம் இருப்பது சர்வசாதாரணம். 1080ஐ (1080 வரி இன்டர்லேஸ்) ஒளிபரப்பில் வரும் திரைப்படம் பல நேரம் 25 முழு ஃபிரேம்கள்தான். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து இன்டர்லேஸ் வடிவில் அனுப்புகிறார்கள், அவ்வளவே. இதை டீஇன்டர்லேஸ் செய்தால் இருக்கும் கூர்மையைத்தான் இழப்போம். எதிர்ப்பக்கமும் நடக்கும்: ப்ரோக்ரெசிவ் என்று எழுதியிருக்கும், உள்ளே சீப்பு இருக்கும்.

படத்தையே பார்த்துச் சொல்ல எஃப்எஃப்எம்பெக்கில் ஐடெட் என்ற ஃபில்டர் இருக்கிறது. எத்தனை ஃபிரேம் மேல் ஃபீல்டு முதலில், எத்தனை கீழ் ஃபீல்டு முதலில், எத்தனை ப்ரோக்ரெசிவ், எத்தனை தெரியவில்லை என்று கணக்குத் தரும். அசைவே இல்லாத டைட்டில் பகுதியில் ஓட்டினால் ‘தெரியவில்லை’ என்பதே குவியும். நல்ல அசைவுள்ள சில நிமிடங்களைக் கொடுத்துப் பார்க்கவும்.

ரீமக்ஸில் மாறக்கூடியது இந்த ஃபிளாக் விவகாரம்தான். வீடியோ ஸ்ட்ரீமுக்குள் ஒரு ஃபிளாக் இருக்கும். கன்டெய்னரிலும் தனியாக ஒன்று இருக்கலாம். எம்கேவி-யில் இன்டர்லேஸா, ப்ரோக்ரெசிவா, தெரியாதா என்று குறிக்க இடம் உண்டு. ஃபீல்டு வரிசைக்கும் தனி இடம் உண்டு. எம்ஓவி-யிலும் இதற்கென ஒரு பகுதி இருக்கிறது. கருவி கோப்பின் தொடக்கத்தை மட்டும் பார்த்து இதை நிரப்பினால், ப்ரோக்ரெசிவ் விளம்பரத்தோடு தொடங்கும் டிவி பதிவில் முழுக் கோப்புக்கும் தவறான ஃபிளாக் ஒட்டிவிடும். இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக இருந்தால் ஒரு பிளேயர் ஸ்ட்ரீமை நம்பும், இன்னொன்று கன்டெய்னரை நம்பும். ‘என் கணினியில் சரியாக ஓடுகிறது, டிவியில் ஓடவில்லை’ என்ற புலம்பலில் கணிசமான பங்கு இங்கிருந்து வருகிறது.

ஃபீல்டு வரிசையைக் குழப்பிக்கொள்வது

சீப்புக் கோடும் ஃபீல்டு வரிசைத் தவறும் ஒன்றல்ல. டீஇன்டர்லேஸ் இயங்கும்போதும் அசையும் பொருள் முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்று துடித்துத் துடித்து நகர்ந்தால் ஃபீல்டுகள் தலைகீழாகக் காட்டப்படுகின்றன என்று பொருள். டிஜிட்டல் வீடியோ (DV) கேம்கோடர் டேப்புகள் கீழ் ஃபீல்டை முதலில் வைப்பவை. 1080ஐ மேல் ஃபீல்டை. இரண்டையும் ஒரே அமைப்பில் கையாளும்போது இந்தத் துடிப்பு வருகிறது.

தவறு கன்டெய்னரில் மட்டும் என்றால் மறு என்கோடு தேவையே இல்லை. எம்கேவி கோப்பு உருவாக்கும் கருவியான எம்கேவிமெர்ஜில் ஃபீல்டு வரிசையைக் குறிப்பிட்டுச் சொல்லும் விருப்பம் உண்டு. திரும்ப ஒருமுறை மக்ஸ் செய்தால் போதும். ஸ்ட்ரீமுக்குள்ளேயே தவறாக இருந்தால் இது எடுபடுமா என்பது பிளேயரைப் பொறுத்தது.

கோப்புகளை ஒட்டும்போதும் இதே தொல்லை. மேல் ஃபீல்டு முதலில் வரும் ஒன்றையும் கீழ் ஃபீல்டு முதலில் வரும் ஒன்றையும் காப்பி முறையில் (மறு என்கோடு இல்லாமல்) ஒட்டினால் டிராக் முழுவதற்கும் கன்டெய்னரில் ஒரே ஃபிளாக்தான். ஏதாவது ஒரு பாதி துடிக்க வாய்ப்பு அதிகம். ஒட்டாமல் தனித்தனியாக வைத்திருப்பதே மேல்.

25-ஆ 50-ஆ என்ற குழப்பம்

எச்.264-ல் இரண்டு ஃபீல்டுகளையும் தனித்தனிப் படங்களாகச் சுருக்கும் முறையும் உண்டு. அப்படிப்பட்ட ஸ்ட்ரீமைச் சில கருவிகள் நொடிக்கு 50 ஃபிரேம் என்று எண்ணிவிடும். டிஎஸ் கோப்பிலிருந்து நேராக எம்கேவி-க்குப் போனால் நேரக்குறிகளும் (எந்தப் படத்தை எப்போது காட்டுவது என்ற குறிப்புகள்) கூடவே போகும். வீடியோவை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, அப்புறம் ஆடியோவோடு சேர்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தனி ஸ்ட்ரீமில் அந்த நேரக்குறிகள் இருக்காது, வேகத்தை நாம் சொல்ல வேண்டியிருக்கும். 25 ஃபிரேம் இன்டர்லேஸ் படத்துக்கு 50 ப்ரோக்ரெசிவ் என்று கொடுத்தால் படம் இரட்டை வேகத்தில் ஓடும், ஆடியோ பின்தங்கும். எம்கேவிமெர்ஜ் 50-க்குப் பின்னால் ‘ஐ’ சேர்த்து எழுதுவதை ஏற்கும். இன்டர்லேஸ் என்று அதற்குப் புரிந்துவிடும். பிரிக்காமலேயே ரீமக்ஸ் செய்ய முடியும் என்றால் பிரிக்காதீர்கள்.

எச்இவிசி (எச்.265) சுருக்கத்தில் வேறொரு வேடிக்கை. அங்கே இன்டர்லேஸுக்கென்று தனிச் சுருக்க உத்திகள் இல்லை; ஃபீல்டுகள் பெரும்பாலும் தனிப் படங்களாகவே வரும். அதைப் புரிந்துகொள்ளாத கருவி 1920x540 அளவில், நொடிக்கு 50 என்று காட்டும். பாதி உயரத்தில் நசுங்கிய படத்தைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்க வேண்டாம்.

எல்லாக் கோட்டுக்கும் டீஇன்டர்லேஸ்தான் மருந்து என்று நினைப்பது

நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை என்டிஎஸ்சி-க்குக் கொண்டுபோகும்போது ஃபீல்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 29.97 ஆக்குவார்கள், இதற்கு டெலிசினி என்று பெயர். படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். மூன்று ஃபிரேம் சுத்தம், இரண்டு ஃபிரேமில் கோடு, மறுபடி மூன்று சுத்தம் என்று ஐந்துக்கு ஒருமுறை சுழன்றால் அது டெலிசினி. இதற்கு வழக்கமான டீஇன்டர்லேஸ் தவறான மருந்து: நல்ல வரிகள் வீணாகும், அசைவின் தட்டுத்தடுமாற்றம் அப்படியே இருக்கும். சரியான ஃபீல்டுகளை மறுபடி ஜோடி சேர்த்து, மிகுதியான ஃபிரேமை நீக்கி 23.976-க்குத் திரும்ப வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் ஃபீல்டுமேட்ச், டெசிமேட் என்ற இரண்டு ஃபில்டர்களும் சேர்ந்து இதைச் செய்யும்.

பல டிவிடிகளில் இப்படி ஃபீல்டைத் திரும்பப் பயன்படுத்துவது படத்தில் இல்லாமல் ஃபிளாக்காக மட்டும் இருக்கும். அங்கே சேமித்திருப்பது சுத்தமான ப்ரோக்ரெசிவ் ஃபிரேம்கள். எதையும் வடிகட்ட வேண்டியதில்லை. பால் கோப்புகளில் இன்னொரு வகை: படம் ப்ரோக்ரெசிவ்தான், ஆனால் ஃபீல்டு ஒன்று தள்ளிப்போய்ப் பக்கத்து ஃபிரேமோடு ஜோடி சேர்ந்திருக்கும், அசைவுள்ள ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடு தெரியும். இதற்கும் ஜோடி சேர்ப்பதுதான் வழி; ஒரு வரிகூட இழக்காமல் முழுப் படமும் திரும்பக் கிடைக்கும்.

உண்மையிலேயே டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டியிருந்தால்

கோப்பு உங்கள் பிளேயரில் மட்டும் ஓடினால் போதும் என்றால் இன்டர்லேஸாகவே விட்டுவிடுங்கள், அதுதான் என் கட்சி. வேறு இடத்துக்குப் போக வேண்டும், விபி9, ஏவி1 என்ற புதிய சுருக்க முறைகளுக்கு (கோடெக்) மாற்ற வேண்டும் என்றால் தப்பிக்க முடியாது. இன்டர்லேஸுக்கு அந்த இரண்டு கோடெக்கிலும் இடமில்லை.

காப்பி முறையையும் ஃபில்டரையும் ஒரே ஸ்ட்ரீமுக்குச் சேர்த்துக் கொடுத்தால் எஃப்எஃப்எம்பெக் பிழை சொல்லி நின்றுவிடும். வீடியோவுக்கு மட்டும் என்கோடு, ஆடியோவுக்குக் காப்பி என்று பிரித்துக் கொடுக்கவும். யாடிஃப், பிடபிள்யூடிஃப் என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர்கள் இரண்டிலும் ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்ற முறை உண்டு: 50 ஃபீல்டிலிருந்து 50 ஃபிரேம். விளையாட்டு, நடனம் போன்றவற்றை 25 ஆகக் குறைத்தால் அசைவின் பாதி போய்விடும். நேரம் இருந்தால் ஏவிசிந்த் அல்லது வேப்பர்சிந்த் (ஸ்கிரிப்ட் எழுதி வீடியோவைக் கையாளும் கருவிகள்) வழியாகக் கியூடிஜிஎம்சி என்ற டீஇன்டர்லேஸ் ஸ்கிரிப்டை ஓட்டலாம். மெதுவானது, முடிவு நன்றாக இருக்கும். யாடிஃபில் ‘இன்டர்லேஸ் ஃபிளாக் உள்ள ஃபிரேம்களுக்கு மட்டும்’ என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால், ஃபிளாக் தவறாக இருக்கும் கோப்பில் அது ஒன்றுமே செய்யாது.

வரிசை முக்கியம். முதலில் டீஇன்டர்லேஸ், அதன்பிறகே அளவு மாற்றம். 1080ஐ படத்தை நேராக 720-க்குச் சுருக்கினால் இரண்டு ஃபீல்டின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதை எந்த ஃபில்டராலும் பிரித்தெடுக்க முடியாது. இன்டர்லேஸாக வைத்தபடியே மேலோ கீழோ வெட்டுவதானால் 4-ன் மடங்கில் வெட்டவும். மேலே ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிகளை வெட்டினால் ஃபீல்டு வரிசையே புரண்டுவிடும். 4:2:0 படத்தில் (நிறத்தைப் பாதி வரிகளில் மட்டும் சேமிப்பது) 2 வரி வெட்டினால்கூட நிறத்தின் ஃபீல்டுகள் இடம் மாறி, சிவப்பு விளிம்புகளில் படிக்கட்டுபோலச் சிதறல் தெரியும்.