சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் ஒரு வீடியோ

வாரண்டியில் இருக்கும் போன் விட்டுவிட்டுத் தகராறு செய்தால், வேறு யாருடைய போனையாவது இரவல் வாங்கி அந்தக் கோளாறை வீடியோ எடுத்துவிட்டுச் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். முதலில் கோளாறான போனில் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) திரையில் தெரிய வேண்டும், அப்புறம் நிறுத்தாமல் அதே வீடியோவில் டச் வேலை செய்யாததோ, 40% சார்ஜில் பொசுக்கென்று அணைந்து போவதோ பதிவாக வேண்டும்.

வீட்டில் பத்து தடவை ஹேங் ஆகும் போன் கவுண்ட்டரில் வைத்ததும் சமர்த்தாக வேலை செய்யும், "நல்லாத்தானே இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்தவருக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்! ஐஎம்இஐ தெரிகிற வீடியோ இருந்தால் அது உங்கள் போன்தான் என்பதில் பேச்சே இல்லை. போனை வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் "செக்கிங்" என்று மொட்டையாக எழுத விடாமல் கோளாறை அப்படியே எழுதச் சொல்லுங்கள், தேதியும் இருக்கட்டும். வாரண்டி முடிய நாலு நாள்தான் இருக்கிறது என்றால் அந்தத் தாள்தான் ஆதாரம். அதன் பிறகும் இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

திரை உடைந்திருந்தாலோ மழையில் நனைந்திருந்தாலோ இது உதவாது. உள்ளே தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் ஸ்டிக்கர் இருக்கிறது, அதைப் பார்த்ததும் வாரண்டி கிடையாது என்றுவிடுவார்கள். போன் உயிரே இல்லாமல் கிடந்தால் பில்லும் பெட்டியும் போதும்.