தோற்றுக்கொண்டிருக்கும் அணி விலை கொடுத்து பிட்ச்சரை எடுக்கலாமா? பேஸ்பால் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பேஸ்பாலை இரண்டு மாதம் தொடர்ந்து பார்த்தால் ஆட்ட விதிகள் பிடிபட்டுவிடும். குளிர்காலம்தான் எளிதில் பிடிபடாது. வேர்ல்டு சீரிஸ் முடிந்த சில நாட்களில், ஒப்பந்தம் தீர்ந்த வீரர்கள் ஃப்ரீ ஏஜென்ட்களாகச் சந்தைக்கு வருவார்கள். உடனே ஒரு வாதம் கிளம்பும். போன சீசனில் 95, 100 ஆட்டம் தோற்ற அணி ஒன்று இளம் வீரர்களை வைத்துத் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. சந்தையில் நல்ல பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், ஒருவர் நிற்கிறார். அவரை எடுக்கலாமா?

பாதிப் பேர், நல்ல பிட்ச்சர் என்றால் எடுக்க வேண்டியதுதானே என்பார்கள். மீதிப் பேர், எப்படியும் தோற்கப்போகிற அணிக்கு எதற்கு வீண் செலவு என்பார்கள். இரு தரப்பும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அவர் நன்றாக வீசப்போகும் ஆண்டுகளும், அணி ஜெயிக்கப்போகும் ஆண்டுகளும் பொருந்துகின்றனவா? பொருந்தாவிட்டால், அவரைக் கொடுத்து வேறு என்ன வாங்க முடியும்? இந்த இரண்டுக்கும் பதில் தேடத் தெரிந்தால் வாதத்தில் தைரியமாக இறங்கலாம்.

பயிற்சிக்கு 2012 முதல் 2014 வரையிலான சிகாகோ கப்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த ஒரே அணி, இரண்டு குளிர்காலங்களில், மூன்று விதமான ஒப்பந்தங்களில் பிட்ச்சர்களை எடுத்தது. மூன்றின் முடிவும் நமக்குத் தெரியும்.

தொடங்கும் முன் சில அடிப்படைகள். ஒரு சீசனில் 162 ஆட்டம். ஐந்து ஸ்டார்ட்டர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்கள், முறை வைத்து வீசுவதால், ஒருவருக்குக் கிடைப்பது முப்பதை ஒட்டிய ஆட்டங்கள். மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடித்தவருக்குத்தான் ஃப்ரீ ஏஜென்ட் உரிமை. அதனால் சந்தைக்கு வருபவர் பெரும்பாலும் முப்பதை நெருங்கியிருப்பார். ஐபிஎல் போல ஏலமும் கிடையாது, அணிக்கு இவ்வளவுதான் சம்பளம் என்ற கறாரான உச்சவரம்பும் கிடையாது. ஒரு தொகையைத் தாண்டினால் வரி உண்டு, அவ்வளவுதான்.

படி 1: அணி எந்த ஆண்டு ஜெயிக்கும் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து அடுத்த ஐந்து சீசன்களை வரிசையாக எழுதுங்கள். அணியின் சிறந்த இளம் வீரர்கள் எந்த ஆண்டு மேலே வருவார்கள் என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறியுங்கள். ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஆகிய தளங்களில் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே இளம் வீரர்கள் வளரும் லீக்) விவரங்கள் கிடைக்கும். அதில் மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ நிலையில் நன்றாக ஆடுபவர் ஓர் ஆண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ வரலாம். டிராஃப்ட் என்பது புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது; அதிகம் தோற்ற அணிகளுக்கே முன் இடங்கள். நேற்று அதில் எடுத்த பள்ளி மாணவருக்கு நான்கைந்து ஆண்டாவது ஆகும்.

2012-இல் கப்ஸ் 101 ஆட்டம் தோற்றது. முதல் பேஸில் அந்தோணி ரிஸ்ஸோ, ஷார்ட்ஸ்டாப்பில் ஸ்டார்லின் காஸ்ட்ரோ என்று சிலர் இருந்தார்கள். மற்றபடி பெரிய நம்பிக்கைகள் எல்லாம் இன்னும் மைனர் லீக்கில்தான். அந்தக் குளிர்காலத்தில் இந்தத் தாளை எழுதியிருந்தால், 2015-க்கு முன்னால் எதையும் எழுதியிருக்க முடியாது. 2014 டிசம்பரில் எழுதினால் படம் வேறு. ஹாவியர் பாயஸும் ஹோர்ஹே சோலேரும் ஏற்கெனவே மேலே வந்துவிட்டார்கள். கிரிஸ் பிரையன்ட், ஆடிசன் ரஸ்ஸல் இருவரும் வாசலில் நிற்கிறார்கள். அணி அந்த ஆண்டும் 89 ஆட்டம் தோற்றதுதான். ஆனால் வெறும் தோல்விக் கணக்கை வைத்து, இந்த அணி இன்னும் தயாரில்லை என்று சொல்லியிருந்தால் தவறாகியிருக்கும். படி 1-இல் முக்கியமே அதுதான்: போன ஆண்டின் வெற்றி தோல்வியைப் பார்க்காதீர்கள், வரப்போகிறவர்களைப் பாருங்கள்.

படி 2: பிட்ச்சரை எண்களில் படியுங்கள்

அவர் எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்ற எண்ணைத் தள்ளி வையுங்கள். அது அவர் பின்னால் நின்ற பேட்டர்களின் கணக்கும்கூட. ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை போக, அவர் விட்டுக்கொடுத்த ரன்கள், அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் ஒரே சீசனின் ஈஆர்ஏ ஏமாற்றும். ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும் அதில் கலந்திருக்கும். புதியவர்கள் பார்க்க வேண்டியது நான்கு விஷயம்: கடைசி மூன்று ஆண்டுகளில் எத்தனை இன்னிங்ஸ் வீசினார், சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார்), எத்தனை சதவீதம் பேரை வாக் விட்டார் (நான்கு தவறான பந்து வீசி முதல் பேஸுக்குச் சும்மா அனுப்பினார்), ஃபாஸ்ட்பாலின் வேகம் குறைகிறதா. ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். அந்த ஒரே எண் நிறையச் சொல்லிவிடும். வேகத்துக்கு பேஸ்பால் சாவன்ட் தளம் இருக்கிறது.

அப்புறம் காயம். முழங்கை தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தால், ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை அவர் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2022 டிசம்பரில் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ், ஜேக்கப் டிக்ராமை ஐந்து ஆண்டுகளுக்கு 18.5 கோடி டாலருக்கு எடுத்தது. முதல் சீசனில் ஆறு ஆட்டம் வீசியதும் அவருக்கு அந்த அறுவை சிகிச்சை நடந்தது. எவ்வளவு பெரிய பிட்ச்சரானாலும் இந்த அபாயம் கூடவே வரும். அதனால் அவரது ஆண்டுகளைத் தாளில் குறிக்கும்போது, ஏதோ ஓர் ஆண்டை முழுசாக இழப்போம் என்றே கணக்கிடுங்கள்.

படி 3: ஒப்பந்தத்தின் நீளத்தை வைத்து முடிவெடுங்கள்

விவாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

முதலில் ஓராண்டு ஒப்பந்தம். 2012-இன் இறுதியில் கப்ஸ், ஸ்காட் ஃபெல்ட்மேன் என்ற பிட்ச்சரை ஓராண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு எடுத்தது. நட்சத்திரம் இல்லை, ஒழுங்காக வீசக்கூடியவர். பாதி சீசன் நன்றாக வீசினார். 2013 ஜூலை 2 அன்று அவரை பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு டிரேட் செய்து, பதிலுக்கு ஜேக் அரியெட்டா, பெட்ரோ ஸ்ட்ரோப் என்ற இருவரை வாங்கினார்கள். அரியெட்டாவை அப்போது பால்டிமோரில் பலரும் கைகழுவியிருந்தார்கள். 2015-இல் 22 வெற்றி, 1.77 ஈஆர்ஏவுடன் அவர் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கினார். புதிதாகக் கட்டும் அணி ஓராண்டுக்கு ஒரு பிட்ச்சரை எடுப்பதன் பொருள் இதுதான்: அவர் ஜெயித்துத் தருவதைவிட, ஜூலை இறுதியில் வரும் டிரேட் கெடுவுக்கு முன் அவரைத் தேடி வரும் அணி என்ன தரும் என்பதே பெரிது. எல்லா முறையும் ஓர் அரியெட்டா கிடைக்க மாட்டார். ஆனால் தோற்றாலும் இழப்பு சிறிது. இந்த வகை ஒப்பந்தத்தை எந்தப் பலவீனமான அணிக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இதன் இன்னொரு வடிவம் 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் செய்தது. கொரிய லீக்கில் 20 ஆட்டம் ஜெயித்து அங்கே எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) ஆன எரிக் ஃபெடியை இரண்டு ஆண்டுக்கு 1.5 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அணி அந்த ஆண்டு 121 ஆட்டம் தோற்றது. ஃபெடி மட்டும் நன்றாக வீச, ஜூலையில் மூன்று அணிகள் சேர்ந்த ஒரு டிரேடில் அவரைக் கொடுத்து மிகேல் வர்கஸ் உள்ளிட்ட இளம் வீரர்களை வாங்கினார்கள்.

அடுத்தது நடுத்தர ஒப்பந்தம். ஃபெல்ட்மேனை எடுத்த அதே குளிர்காலத்தில், கப்ஸ் 29 வயது எட்வின் ஜாக்சனை நான்கு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலருக்கு எடுத்தது. ஆண்டுக்கு ஆண்டு தவறாமல் இன்னிங்ஸ் வீசியவர், உடம்பு உறுதி, விலையும் பெரிதில்லை. காகிதத்தில் நியாயமாகவே தெரிந்தது. 2013-இல் 18 தோல்வி, 4.98 ஈஆர்ஏ. 2014-இல் ஈஆர்ஏ 6.33. 2015 ஜூலையில் அவரை விடுவித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு 2016. அணி கோப்பை வென்ற அந்த ஆண்டிலும் அவருக்கான பணம் கணக்கில் நின்றது.

இங்கே தவறு ஜாக்சன் மோசமாக வீசியது மட்டும் இல்லை. நம் தாளில் பாருங்கள். நான்கு ஆண்டில் முதல் இரண்டு, அணி எப்படியும் தோற்கிற ஆண்டுகள். அவர் தேவைப்படுகிற கடைசி இரண்டு ஆண்டில் அவருக்கு 31, 32 வயது. நல்ல ஆண்டுகளைத் தோல்வியில் செலவழித்துவிட்டு, தேய்ந்த ஆண்டுகளை வெற்றிக்கு வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. கொஞ்சம் சறுக்கினாலும் டிரேட் செய்யவும் முடியாது, மிச்சச் சம்பளத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். பலவீனமான அணி சராசரி பிட்ச்சரை மூன்று, நான்கு ஆண்டுக்கு எடுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. விலை நடுத்தரமாக இருப்பதால் யாரும் அதைப் பெரிதாக எதிர்ப்பதும் இல்லை.

மூன்றாவது நீண்ட ஒப்பந்தம். 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டர், ஆறு ஆண்டு, 15.5 கோடி டாலர். மாதக்கணக்கில் பார்த்தால் 31-ஐத் தொடப்போகிற பிட்ச்சர். தோற்ற அணி. பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். தாளை எடுத்துப் பாருங்கள்: மிச்ச இளம் பேட்டர்களும் 2015-இல் வருகிறார்கள். லெஸ்டர் 2008 முதல் ஒவ்வொரு ஆண்டும் 31 ஆட்டத்துக்குக் குறையாமல் தொடங்கியவர். அவரது முதல் மூன்று ஆண்டுகள் அணியின் முதல் மூன்று நல்ல ஆண்டுகளோடு அப்படியே பொருந்தின. 2015-இல் கப்ஸ் 97 ஆட்டம் ஜெயித்தது. 2016-இல் லெஸ்டர் 19 வெற்றி, 2.44 ஈஆர்ஏ. 108 ஆண்டு காத்திருந்த கப்ஸ் ரசிகர்களுக்கு வேர்ல்டு சீரிஸ் வந்தது. ஐந்தாவது ஆட்டத்தை லெஸ்டரும் ஆறாவது ஆட்டத்தை அரியெட்டாவும் ஜெயித்துக் கொடுத்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். இளம் வீரர்கள் முதல் மூன்று ஆண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் வாங்குவார்கள். 2015-இல் அது 5 லட்சத்து 7,500 டாலர். பிரையன்ட் போன்ற ஒருவர் அந்தச் சம்பளத்தில் ஆடும்போது மிச்சமாகும் பணம்தான் லெஸ்டருக்குப் போனது. கப்ஸ் தங்கள் உயர்ந்த டிராஃப்ட் இடங்களில் பேட்டர்களை எடுத்து, பிட்ச்சர்களை வெளியிலிருந்து வாங்கியதற்கும் காரணம் உண்டு: இளம் பிட்ச்சர்கள் உடைவார்கள். 2013 டிராஃப்டில் கப்ஸுக்கு முன்னால், முதல் இடத்தில் ஹூஸ்டன் எடுத்தது மார்க் அப்பெல் என்ற பிட்ச்சரை. அவர் மேஜர் லீக்கில் முதல் பந்து வீசியது 2022-இல், வேறு அணிக்காக. இரண்டாவதாக வந்த பிரையன்ட் 2016-இல் எம்விபி.

படி 4: டிராஃப்ட் விலையைச் சரிபாருங்கள்

சம்பளம் மட்டும் விலை இல்லை. பழைய அணி அந்த வீரருக்கு 'குவாலிஃபையிங் ஆஃபர்' என்ற ஓராண்டு அழைப்பைக் கொடுத்து, அவர் அதை மறுத்திருந்தால், அவரை எடுக்கும் அணி டிராஃப்டில் ஓர் இடத்தை இழக்கும். புதிதாகக் கட்டும் அணிக்கு அது ரத்தம் போன்றது. ஒரு வீரருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் இந்த அழைப்பு. சீசன் நடுவில் டிரேட் ஆனவருக்குக் கொடுக்கவே முடியாது. லெஸ்டர் 2014 ஜூலையில் பாஸ்டனிலிருந்து ஓக்லாண்டுக்கு டிரேட் ஆனவர். அதனால் கப்ஸ் எதையும் இழக்கவில்லை.

படி 5: சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்

இரண்டு நிபந்தனைகளைத் தேடுங்கள். ஒன்று 'ஆப்ட்-அவுட்': வீரர் விரும்பினால் பாதியிலேயே வெளியேறலாம். இன்னொன்று டிரேடை மறுக்கும் உரிமை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராய்ட் டைகர்ஸ் உதாரணம். 2021 நவம்பரில் எட்வர்டோ ரொட்ரிகெஸை ஐந்து ஆண்டுக்கு 7.7 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அவருக்காக டிராஃப்ட் இடமும் போனது. 2023-இல் அவர் நன்றாக வீசினார். ஜூலை இறுதிக் கெடுவில் டாட்ஜர்ஸுக்கு டிரேட் செய்ய முயன்றபோது, ஒப்பந்தம் தந்த உரிமைப்படி மறுத்தார். சீசன் முடிந்ததும் ஆப்ட்-அவுட் செய்து அரிசோனாவுக்குப் போனார். டைகர்ஸ் கையில் வீரரும் இல்லை, பதிலுக்கு யாரும் இல்லை. அவர் மீது குறை இல்லை. கையெழுத்து போட்ட உரிமையைத்தான் பயன்படுத்தினார். ஆனால் படி 3-இல் 'ஜூலையில் டிரேட் செய்யலாம்' என்று எழுதியிருந்தால், இந்த நிபந்தனைகளைப் பார்த்த பிறகு அந்த வரியை அடிக்க வேண்டியிருக்கும்.

படி 6: யாருடைய இடம் போகிறது?

ஐந்து இடம்தான். புதியவர் வந்தால் யாரோ ஒருவர் மைனர் லீக்குக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒருவர் தயாரான 23 வயதுக்காரர் என்றால் எடுக்காதீர்கள். அவர் அடிவாங்கிக் கற்றுக்கொள்ளத் தோல்வி ஆண்டுகளைவிட நல்ல நேரம் வராது. யாரும் தயாரில்லை என்றால் நேர்மாறு. அவசரமாக மேலே இழுத்த இளம் கை காயப்படுவதைவிட, 150 இன்னிங்ஸைத் தாங்கிக்கொள்ளும் அனுபவசாலி நல்லது.

படி 7: எதிர்த்தரப்புக்காக வாதிடுங்கள்

முடிவெடுத்த பிறகு, அதை உடைக்கும் ஆகப் பலமான காரணத்தை நீங்களே எழுதுங்கள். எடுக்க வேண்டாம் என்பவர்களின் பழைய ஆயுதம் டிராஃப்ட் வரிசை: கொஞ்சம் ஜெயித்தால் வரிசையில் பின்னால் போய்விடுவோம். இப்போது முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வந்துவிட்டதால் அந்த வாதம் பாதி பலமிழந்துவிட்டது. ஒரு நல்ல ஸ்டார்ட்டர் ஆண்டுக்குக் கூடுதலாகத் தருவதும் மூன்று, நான்கு வெற்றிதான்.

எடுக்கலாம் என்பவர்கள் தரப்பில் எண்ணில் வராத ஒன்று இருக்கிறது. 81 உள்ளூர் ஆட்டங்களுக்கும் மக்கள் காசு கொடுத்துதான் உள்ளே வருகிறார்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறையாவது பார்க்கத் தகுந்த ஒருவர் வீச வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்கள் உரிமை. வருங்காலம் என்ற பேரில் நிகழ்காலத்தை மூன்று ஆண்டு முழுசாகக் கைவிடும் அணிகள் மேல் எனக்குக் கோபமே உண்டு. ஆனால் அதற்கு விடை ஃபெல்ட்மேன் மாதிரி ஓராண்டு ஒப்பந்தம். ஜாக்சன் மாதிரி நான்கு ஆண்டு இல்லை.

சரி, இனி நீங்களே செய்து பாருங்கள். வரும் நவம்பரில் 90 ஆட்டத்துக்கு மேல் தோற்ற ஓர் அணியையும் சந்தையில் உள்ள ஒரு பிட்ச்சரையும் தேர்ந்தெடுங்கள். அவர் கையெழுத்திடும் முன்பே ஆறு படிகளையும் எழுதி, எத்தனை ஆண்டு, ஏறக்குறைய எவ்வளவு பணம் வரை போகலாம் என்று ஓர் எல்லை போடுங்கள். ஏழாவது படிக்கு, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். ஜூலை கடைசி வாரம், டிரேட் கெடுவுக்கு முன்னால், அதே தாளை எடுத்து அவரது இன்னிங்ஸையும் ஸ்ட்ரைக்அவுட், வாக் சதவீதங்களையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.