பழைய நாடகத்தைச் சிறுவர் காமிக்ஸாக மாற்றுவது எப்படி? 'மண்ணியல் சிறுதேர்' வழியாக ஒரு செய்முறை

பழைய நாடகத்தைப் பிள்ளைகளுக்குக் காமிக்ஸாகத் தர நினைக்கிறவர்கள் முதலில் வசனத்தில்தான் கை வைப்பார்கள். மூலத்தை விரித்து வைத்துக்கொண்டு, வரிசையாக வசனங்களைப் பலூனுக்குள் போட்டு, கீழே பேசுகிறவரின் முகத்தை வரைந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். படிக்க வாங்கிய பத்து வயதுப் பெண் பலூன்களைத் தொடவே இல்லை. படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். படங்களில் எல்லாம் வாய் திறந்த முகங்கள். நாலாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டாள்.

மேடையில் குரல் செய்கிற வேலையைக் காமிக்ஸில் பொருளும் கையும் கண்ணும் செய்ய வேண்டும். எப்படி என்று ஒரே நாடகத்தை வைத்துச் சொல்கிறேன். சூத்திரகர் பெயரில் வழங்கும் 'மிருச்சகடிகம்' என்ற சமஸ்கிருத நாடகம் அது. பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்தார். 10 அங்கங்கள், கதை நடப்பது உஜ்ஜயினியில். நொடித்துப்போன நல்ல மனிதன் சாருதத்தன், அவன்மேல் அன்பு வைத்த கணிகை வசந்தசேனை, இவர்களைச் சுற்றித் திருடன், சூதாடி, வண்டிக்காரர், துறவி என்று ஊரே இருக்கிறது. வரைவதற்கு இதைவிட என்ன வேண்டும்!

1. கைமாறும் பொருளைத் தேடுங்கள்

நாடகத்தை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் பொருள் எது என்று பாருங்கள். இங்கே அது வசந்தசேனையின் நகைகள். முதல் அங்கத்தில் சாருதத்தன் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுக்கிறாள். மூன்றாம் அங்கத்தில் அவை திருடுபோகின்றன. நான்காம் அங்கத்தில் அவளிடமே திரும்பி வருகின்றன. ஆறாம் அங்கத்தில் அவள் நகைகளைக் கழற்றி, சாருதத்தனின் சிறு மகனுடைய மண்வண்டியை நிரப்புகிறாள். ஒன்பதாம் அங்கத்தில் வழக்கு நடக்கும் இடத்தில் சாருதத்தனின் நண்பன் மைத்ரேயனிடமிருந்து நகை கீழே விழுகிறது, வசந்தசேனையைக் கொன்றதாகச் சாருதத்தன்மேல் சுமத்தப்பட்ட பொய்ப்பழிக்குச் சாட்சியாகிவிடுகிறது.

இதை ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இருபது பெயர்கள் நினைவில் நிற்காது, ஆனால் நகை எங்கே இருக்கிறது என்பதை ஒருபோதும் மறக்காது.

2. வெட்டுங்கள்

அமர் சித்திரக் கதை இதழ்களின் வழக்கமான அளவு 32 பக்கம். அதையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்றால் 160 கட்டங்கள், அவ்வளவுதான். ஐந்தாம் அங்கம் முழுக்க மழை; பாட்டுக்குமேல் பாட்டாக வர்ணனை. அத்தனையும் போகட்டும். எதிரெதிர் இரண்டு பக்கங்களில் வசனமே இல்லாமல் ஒரு பெரிய மழை வரைந்தால் சூத்திரகருக்குச் செய்யும் மரியாதை அதுதான். பின்னால் அரசனாகும் ஆரியகன் சிறையிலிருந்து தப்பும் கிளைக்கதையைத் தூக்க முடியாது, முடிவு அவனால்தான் வருகிறது. சுருக்கிக்கொள்ளலாம்.

எதை வைத்துக்கொள்வது? வசனத்தை மூடினாலும் புரிகிற காட்சிகளை. இரண்டாம் அங்கத்தில் கடன்பட்ட சூதாடி ஒருவன், காலடித் தடம் ஏமாற்றட்டும் என்று பின்பக்கமாகவே நடந்து பாழடைந்த கோயிலுக்குள் போய், சிலைபோல நின்றுவிடுகிறான். துரத்தி வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து தாயம் உருட்டுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டுச் சிலைக்குக் கை துறுதுறுக்கிறது. ஒரு முழுப் பக்கம் தாராளமாகக் கொடுங்கள். பின்னால் துறவியாகி வசந்தசேனையின் உயிரைக் காப்பவனும் இவன்தான், அதனால் முகத்தில் ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள்.

அப்புறம் திருடன் சர்விலகன். சாருதத்தன் வீட்டில் கன்னம் வைக்கும்போது, அதாவது உள்ளே புகச் சுவரில் ஓட்டை போடும்போது, தாமரை வடிவமா, சூரியனா, பிறைநிலாவா, பூரணகும்பமா என்று சுவர்முன் நின்று யோசிக்கிறான். அளக்கும் நூலை மறந்துவிட்டதால் பூணூலால் அளக்கிறான். உள்ளே போனால் மத்தளமும் வீணையும் புல்லாங்குழலும் ஏடுகளும்தான். தூக்கத்தில் பிதற்றும் மைத்ரேயன் நகை மூட்டையைத் தானே எடுத்து அவன் கையில் கொடுக்கிறான்!

3. ஒரு காட்சியைக் கட்டங்களாக்குங்கள்

முழுப் புத்தகத்தையும் வரையப் போக வேண்டாம். நாடகத்துக்குப் பெயர் தந்த ஆறாம் அங்கக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தபால் அட்டை அளவுத் தாளில், குச்சி மனிதர்களாகவே வரையலாம்.

கட்டம் 1: தரையில் மண்வண்டி. பக்கத்தில் அழுகிற சிறுவன் ரோகசேனனின் கால்கள் மட்டும். பலூன்: "எனக்குத் தங்க வண்டிதான் வேணும்!"

கட்டம் 2: பணிப்பெண் வசந்தசேனையைக் காட்டுகிறாள். "இவங்களும் உனக்கு அம்மாதான்."

கட்டம் 3: சிறுவனின் முகம், நெருக்கத்தில். "பொய்! எங்கம்மான்னா ஏன் இவ்வளவு நகை போட்டிருக்காங்க?"

கட்டம் 4: வசந்தசேனையின் கைகள். ஒரு வளையல் பாதி கழன்றிருக்கிறது. வசனம் இல்லை.

கட்டம் 5: மேலேயிருந்து பார்வை. வண்டி நிறைய நகை. "இப்போ உன் அம்மா ஆயிட்டேன். இதை வச்சு தங்க வண்டி செஞ்சுக்கோ."

கட்டம் 6: சிறுவன் வண்டியைத் தள்ளிவிடுகிறான். "வேண்டாம். நீங்க அழறீங்க."

நாலாம் கட்டத்தில் எதையாவது எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்று படிக்கும் பிள்ளையே சொல்லிவிடும். ஆறாம் கட்டம் என் சொந்தச் சரக்கு இல்லை. 'நீ அழுகிறாய், வாங்க மாட்டேன்' என்று மூலத்திலேயே இருக்கிறது.

4. பக்கம் திருப்பும் இடம்

திடுக்கிட வைப்பதெல்லாம் பக்கம் திருப்பியதும் இடப்பக்க முதல் கட்டத்தில் வரட்டும். எட்டாம் அங்கத்தில் அரசனின் மைத்துனன் வசந்தசேனையின் கழுத்தை நெரித்து, இறந்துவிட்டாள் என்று இலைகளால் மூடிவிட்டுப் போகிறான். நெரிப்பதை வரைய வேண்டியதில்லை. உதிரும் இலைகள் போதும். வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் துறவி ஈரத்துணியை அந்த இலைக்குவியல்மேல் உலர்த்தட்டும். பக்கத்தைத் திருப்பினால், இலைக்குள்ளிருந்து ஒரு கை.

5. பலூனுக்குள் தமிழ்

தமிழ்ச் சொற்கள் நீளம். "சொல்லிக்கொண்டிருக்கிறாயா" என்ற ஒரே சொல் பலூனின் அகலத்தைத் தின்றுவிடும்; "சொல்றியா" அடங்கும். ஒரு பலூனில் பத்துச் சொற்கள், மிஞ்சினால் பன்னிரண்டு. சொல்லை நடுவில் உடைக்காதீர்கள். எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பலூனை வரையுங்கள். அண்மைக்கால மொழிபெயர்ப்பின் வாக்கியங்களை அப்படியே எடுப்பதும் சரியல்ல, அவை மொழிபெயர்த்தவருடையவை. உங்கள் வசனத்தை நீங்களே எழுதுங்கள்.

அரசனின் மைத்துனனுக்கு மூலத்தில் 'ஸ' வராது, 'ஶ' என்றுதான் வாயில் வரும். தமிழில் "வஷந்தஷேனா, நில்லு!" என்று எழுதினால் பிள்ளைகள் உரக்கப் படிப்பார்கள். புராணத்தையும் குழப்புவான்: இராவணனிடம் குந்தி சிக்கியதுபோல நீ சிக்கினாய் என்பான். விளக்கம் சேர்க்காதீர்கள், தவறைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் பிள்ளைகளுக்கே இருக்கட்டும்.

6. மறைக்கக்கூடாதது

வசந்தசேனையை இளவரசியாக மாற்றிவிடலாம் என்று யோசனை வரும். வேண்டாம். "பணமும் கலையும் உள்ளவள், ஆனாலும் மரியாதைப்பட்ட வீட்டுக்குள் ஊர் அவளைச் சேர்க்காது" என்று ஒரு வரி எழுதுங்கள், பத்து வயதுக்கு அது போதும். அதை எடுத்துவிட்டால், கடைசியில் அரசனான ஆரியகன் அவளுக்கு மனைவி என்ற பெயரைக் கொடுப்பது ஏன் பெரிய விஷயம் என்று யாருக்கும் புரியாது. சாருதத்தனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டே என்று ஒரு பிள்ளை கேட்கும். ஆமாம், அந்தக் காலத்து வழக்கம் என்று நேராகச் சொல்லுங்கள்.

கடைசியாக, வரைந்த ஆறு கட்டங்களின் பலூன்களை வெள்ளைத் தாளால் மூடி, ஒரு குழந்தையிடம் கொடுத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். குழந்தை எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறதோ அந்தப் படத்தை மாற்றி வரையுங்கள், வசனத்தைக் கூட்டாதீர்கள்.